கேன்யன் டி ஷேக்கு ஒன்றரை மணி நேரமா?

அன்புள்ள ஃபீனிக்ஸ் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களுக்கு,

அக்டோபர் பள்ளி விடுமுறைக்கான பயணத் திட்டம் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. முதல் நாள் பேஜ் ஊரில் ஹார்ஸ்ஷூ பெண்டும் ஆன்டலோப் கேன்யனும். மறுநாள் மானுமென்ட் வேலி. மூன்றாம் நாள் வீடு திரும்பும் வழியில் ‘கேன்யன் டி ஷே: ஒன்றரை மணி நேரம்’. யார் வண்டியில் யார், எந்த வீட்டில் புளியோதரை, எந்த வீட்டில் தயிர்சாதம் என்பதுவரை பார்த்துப் பார்த்துப் போட்ட திட்டம். அந்தக் கடைசி வரியைத் தவிர அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

திட்டம் போட்டவரைத் தனியாக அழைத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் முன்பு போய்வந்த குடும்பங்களும் இதே ஒன்றரை மணி நேரக் கணக்கைத்தான் சொன்னார்கள். இனி போகிறவர்களும் இதே திட்டத்தைத்தான் நகல் எடுக்கப்போகிறார்கள். அதனால் எல்லோருக்குமாகவே எழுதுகிறேன். (பெயர்ப்பலகையைப் பார்த்தால் ‘செல்லி’ என்று படிக்கத் தோன்றும். அங்கே ‘ஷே’ என்றுதான் சொல்வார்கள். பள்ளத்தாக்கின் வாயிலில் இருக்கும் சின்லி ஊருக்குள் போய் வழி கேட்க உதவும்.)

அந்த ஒன்றரை மணி நேரத்தில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். சின்லியில் பெட்ரோல் போட்டுக்கொண்டு, பள்ளத்தாக்கின் தென் விளிம்புச் சாலையில் ஓட்டிப் போவீர்கள். ஒயிட் ஹவுஸ் முனையில் இறங்கி, எதிர்ப்பாறையின் பொந்துக்குள் தெரியும் பழைய வீடுகளைக் கைபேசியில் பெரிதாக்கிப் பார்ப்பீர்கள். சாலை முடியும் இடத்தில் ஸ்பைடர் ராக். தரையிலிருந்து ஏறக்குறைய 800 அடி தனியாக எழுந்து நிற்கும் இரட்டைத் தூண். குழுப்படம் ஒன்று. பிள்ளைகள் பசி என்பார்கள். கிளம்பிவிடுவீர்கள். அழகாகத்தான் இருக்கும், ஏமாந்துவிட்டோம் என்று ஒருவரும் சொல்ல மாட்டீர்கள். ஆனால் அது திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, வீட்டைச் சுற்றிப் பார்த்தாயிற்று என்று கிளம்புவது போலத்தான்.

வீடு என்று சும்மா சொல்லவில்லை. விளிம்பிலிருந்து நிதானமாகக் கீழே பாருங்கள். பச்சைப் பட்டையாகத் தெரிவது பருத்திப்பாப்ளார் மரங்கள், அங்கே காட்டன்வுட் என்பார்கள். அக்டோபரில் மஞ்சளாகி நிற்கும். அவற்றுக்கு நடுவே சதுரமாகச் சோளக்கொல்லை, முள்கம்பி வேலி, எட்டு மூலை வைத்த ஹோகன் வீட்டின் கூரை, சில சமயம் ஒரு குதிரை. அது கண்காட்சிக்காக வைத்தது இல்லை. ஏறக்குறைய 40 நவஹோ பழங்குடிக் குடும்பங்களுக்கு இந்தப் பள்ளத்தாக்குக்குள் நிலம் இருக்கிறது. கோடையில் இறங்கிச் சோளமும் பூசணியும் போடுவார்கள், ஆடு மேய்ப்பார்கள். குளிர்காலத்தில் பெரும்பாலானோர் விளிம்புக்கு மேலே ஏறிவிடுவார்கள். ஏறக்குறைய 5,000 ஆண்டுகளாக யாராவது ஒருவர் இங்கே அடுப்பு மூட்டியிருக்கிறார்கள். வட அமெரிக்காவில் இவ்வளவு நெடுங்காலம் ஆள் புழங்கிய இடங்கள் வெகு சில.

1931 ஏப்ரல் 1-இல் அதிபர் ஹூவர் இதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார். சுமார் 84,000 ஏக்கர். அதற்கு முன்பே நவஹோ பழங்குடி மன்றத்தின் ஒப்புதலைக் கேட்டு வாங்கினார்கள். நிலம் நவஹோ மக்களுடையதாகவே இருக்கும், மேய்ச்சல் உரிமையும் விவசாய உரிமையும் மாறாது என்ற ஏற்பாட்டில்தான் அந்த ஒப்புதல் கிடைத்தது. அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறைக்கு இங்கே சொந்த நிலம் கிடையாது. பழைய கட்டடங்களைக் காப்பதும் வருகிறவர்களைக் கவனிப்பதும்தான் அதன் வேலை. விளிம்புச் சாலைகளுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை என்பதைப் பார்த்து, கேட்பாரற்ற இடம் என்று நாம் நினைத்துவிடுகிறோம். உள்ளே இறங்க வேண்டும் என்றால் அனுமதி பெற்ற நவஹோ வழிகாட்டி ஒருவர் கூட வந்தாக வேண்டும். நீங்களாக இறங்குவதற்கு என்று ஒயிட் ஹவுஸ் பாதை ஒன்று இருந்தது. 2020-இல் அதையும் மூடினார்கள். அந்தப் பாதையில் நடக்க ஆசைப்படுகிறவர்கள் இப்போதைய நிலவரத்தைக் கேட்டுக்கொண்டு, வழிகாட்டியோடு என்றே திட்டமிடுங்கள்.

இதே மாநிலத்தில் நாம் எல்லோரும் போய்வந்த கிராண்ட் கேன்யனில் நடந்தது வேறு. அங்கே பள்ளத்தாக்கின் நடுவில், பிரைட் ஏஞ்சல் பாதையில் ஓர் ஊற்றோரம், ஹவசுபாய் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பயிர் செய்தார்கள். 1919-இல் தேசியப் பூங்கா வந்தது. 1928-இல், அங்கே கடைசியாக இருந்த கேப்டன் பர்ரோ என்பவரையும் வெளியேற்றினார்கள். அந்த மக்களுக்கு 1,85,000 ஏக்கர் திரும்பக் கிடைக்க 1975 வரை ஆயிற்று. ‘இண்டியன் கார்டன்’ என்று நாம் இறங்கி இளைப்பாறிய அந்த இடத்துக்கு ஹவசுபாய் பெயரை வைத்தது 2022-இல். ஆளை அப்புறப்படுத்திவிட்டு ‘மனிதக் கைபடாத இயற்கை’ என்று பலகை மாட்டுவது இந்த நாட்டில் ரொம்ப காலம் வழக்கமாக இருந்தது. டி ஷேயில் அது நடக்கவில்லை. இங்கே சோளக்கொல்லையும் பாதுகாக்கப்பட்ட இடத்துக்கு உட்பட்டதுதான். அமெரிக்காவில் நான் பார்த்த பள்ளத்தாக்குகளில் எனக்கு இதுதான் முதல் இடம். அளவு, ஆழம், நிறம் எதிலும் இது கிராண்ட் கேன்யனுக்குப் பக்கத்தில்கூட வராது என்பது வேறு விஷயம்.

கீழே இறங்குவது எப்படி என்று சொல்கிறேன். சின்லிப் பக்கத்து வாயில் பாறைச்சுவர் 30 அடிதான் இருக்கும். நான்கு சக்கர இழுவை வண்டி நேராக ஆற்றுக்குள் இறங்கும். தனியாகச் சாலை என்று ஒன்று கிடையாது. ஆற்றுப்படுகைதான் சாலை. சுஸ்கா மலையின் பனி உருகும் வசந்தத்திலும், ஜூலை ஆகஸ்ட் மழையிலும் தண்ணீர் புரண்டு வரும். மற்ற மாதங்களில் பெரும்பாலும் ஈர மணலும் அங்கங்கே கணுக்கால் அளவு ஓட்டமும். இந்த மணலில் புதைகுழி உண்டு. மேலே காய்ந்து கெட்டியாகத் தெரியும். சக்கரம் ஏறினால் உள்ளே வாங்கும். நேற்று போன தடத்தில் இன்று போக முடியாது. ஓட்டுகிறவர் வண்டியை நிறுத்தி, மணலின் நிறத்தைப் பார்த்து, வேறு பக்கமாகத் திருப்புவதைக் கவனியுங்கள். ஆற்றைப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்பதற்கு அதைவிட விளக்கம் தேவையில்லை.

உள்ளே போகப் போகச் சுவர் வளரும். கடைசியில் ஆயிரம் அடியைத் தாண்டும். அந்தச் சிவப்புப் பாறையில் சாய்வாக, ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிட்டு, ஆயிரக்கணக்கான கோடுகள் ஓடும். 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு இங்கே காற்று குவித்த மணல்மேடுகளின் சரிவுகள் அவை. மணல் கல்லானபோது காற்றடித்த திசையும் சேர்ந்து கல்லாகிவிட்டது. மேல் விளிம்பிலிருந்து கருநீலமாக வழிந்த கறைகளைப் பார்த்தால் யாரோ தார் ஊற்றியது போல் தோன்றும். மழைநீர் வழிந்த தடத்தில் மாங்கனீசும் இரும்பும் மெல்லப் படிந்து உண்டானவை. சுவரில் கை வைக்கும் உயரத்திலிருந்து ஆரம்பித்து, விரல் நுழையும் அளவில் சின்னச் சின்னக் குழிகள் மேலேறிப் போகும். கல்லால் கொத்திக் கொத்தி எடுத்த படிகள். முதுகில் சுமையோடு ஏறி இறங்கிய வழி. இறங்குகிறவர் முதல் குழியில் எந்தக் காலை வைக்கிறார் என்பது முக்கியம். தப்பான காலில் தொடங்கினால் பாதியில் மாற்ற முடியாது என்று வழிகாட்டிகள் சொல்வதுண்டு. பிள்ளைகள் உடனே ஏறப்போவார்கள், பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒயிட் ஹவுஸ் கட்டியவர்கள் நவஹோக்கள் இல்லை. அவர்களுக்கு முன்னால், 11-ஆம் நூற்றாண்டிலிருந்து 13-ஆம் நூற்றாண்டு வரை இங்கே வாழ்ந்த பண்டைய பியூப்ளோ மக்கள். கல்லும் மண்சாந்தும் வைத்துக் கட்டிய அறைகள். மேலே, பாறைப் பொந்துக்குள் இருக்கும் சுவர் ஒன்றுக்கு வெள்ளைப் பூச்சு பூசியிருந்தார்கள். அந்தப் பூச்சுதான் பெயரைக் கொடுத்தது. பள்ளத்தாக்கின் வட கிளையில் மம்மி கேவ் என்ற பெரிய குகை இருக்கிறது. அதன் நடுவில் மூன்று மாடிக் கோபுர வீடு. உத்தரக்கட்டைகளின் வளையங்களை எண்ணி, மரம் வெட்டிய ஆண்டு 1284 என்று சொல்லிவிட்டார்கள். 1276-இல் தொடங்கி அந்த நூற்றாண்டு முடியும்வரை நீண்ட பெரும் வறட்சி அந்த வட்டாரம் முழுவதையும் வாட்டியது. அதன் நடுவில் ஒருவர் மூன்று மாடி கட்டியிருக்கிறார் என்பதை அந்த இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். 1300 வாக்கில் அவர்கள் எல்லோரும் இந்தப் பள்ளத்தாக்கை விட்டுப் போயிருந்தார்கள். ‘மாயமாய் மறைந்த இனம்’ என்று சில சுற்றுலாக் கையேடுகளில் எழுதியிருக்கும். மறையவில்லை. ஹோப்பிகளும் மற்ற பியூப்ளோ மக்களும் அவர்களுடைய வழித்தோன்றல்கள்தான். ஹோப்பிகளின் ஊர்கள் சின்லியிலிருந்து மேற்கே ஒன்றிரண்டு மணி நேரத் தூரத்தில் இன்றும் இருக்கின்றன.

அந்த வட கிளைக்கு கேன்யன் டெல் முவெர்ட்டோ என்று பெயர். அங்கே ஒரு சுவரோவியம் இருக்கிறது. ஒன்றரை மணி நேரத் திட்டத்தில் உங்களால் பார்க்கவே முடியாதது அதுதான். நீண்ட அங்கி போட்ட குதிரை வீரர்கள் வரிசையாக வருகிறார்கள். தொப்பி, ஈட்டி, துப்பாக்கி. ஒருவருடைய அங்கியில் சிலுவை. வரைந்தவர் நவஹோ. தங்களை அழிக்க வந்த ஸ்பானியப் படையை, அது வந்தபடியே, எந்தக் கோபமும் காட்டாமல் வரைந்து வைத்திருக்கிறார். பக்கத்திலேயே இன்னொரு சுவரில் கிட்டத்தட்ட நிஜ அளவில் நீலமும் வெள்ளையுமாய் ஒரு பசு. குதிரையும் பசுவும் ஆடும் ஸ்பானியர்களோடு வந்தவைதான். அவர்களிடமிருந்து வந்த ஆட்டை வைத்து, உலகம் வியக்கும் நெசவை நவஹோப் பெண்கள் வளர்த்தெடுத்தார்கள். ஸ்பானியர்களோடு வந்த துப்பாக்கி நவஹோக்களை நோக்கியே திரும்பியது.

1805 ஜனவரி. அன்டோனியோ நர்போனா என்ற அதிகாரியின் தலைமையில் ஸ்பானியப் படை டெல் முவெர்ட்டோவுக்குள் வந்தது. ஆண்கள் வெளியே போயிருந்தார்கள். பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் எல்லோரும் தரையிலிருந்து பல நூறு அடி உயரத்தில் இருந்த ஒரு பாறைத் திட்டில் ஏறி ஒளிந்தார்கள். படை கண்டுபிடித்துவிட்டது. விளிம்பிலிருந்து அந்தத் திட்டின் கூரையைப் பார்த்துச் சுட்டார்கள். நேராகப் பட வேண்டியதில்லை. பாறையில் தெறித்த குண்டே போதும். 115 பேர் கொல்லப்பட்டதாக நர்போனா அறிக்கை எழுதினார், அதில் 90 பேர் போர்வீரர்கள் என்று சொல்லிக்கொண்டார். அங்கே போர்வீரர்களே இல்லை என்பது நவஹோக்களின் நினைவு. மேலே ஏறி வந்த முதல் சிப்பாயை ஒரு பெண் கட்டிப் பிடித்து, அவனோடு சேர்ந்தே கீழே விழுந்தாள் என்றும் சொல்வார்கள். குண்டு பட்ட வடுக்கள் அந்தப் பாறையில் இன்னும் இருக்கின்றன. வட விளிம்புச் சாலையின் கடைசியில் இதைப் பார்க்க ஒரு முனை உண்டு. வழக்கமாக நம்மவர்கள் அந்தப் பக்கமே போவதில்லை, ஸ்பைடர் ராக் தென் விளிம்பில் இருப்பதால்.

அறுபது ஆண்டுகள் கழித்து வந்தது அமெரிக்கப் படை. ஜெனரல் கார்ல்டன் உத்தரவிட்டார், கிட் கார்சன் நிறைவேற்றினார். போரிட்டு வெல்வது திட்டமில்லை, பட்டினி போடுவது. சோளக்கொல்லைகளை எரித்தார்கள், ஆடுகளைக் கொன்றார்கள், ஹோகன்களை இடித்தார்கள். 1864 ஜனவரியில், பனியில், படை பள்ளத்தாக்கைக் கிழக்கிலிருந்து மேற்கே ஊடுருவிப் போனது. இரண்டு கிளைகளும் சேரும் இடத்துக்கு மேலே, டெல் முவெர்ட்டோவில், கோட்டைப் பாறை என்று ஒன்று தனியாக நிற்கும். அந்தக் குளிர்காலத்தில் சுமார் முந்நூறு பேர் அதன் உச்சியில் ஏறி ஒளிந்திருந்தார்கள் என்பது நவஹோ வாய்மொழி வரலாறு. மேலே தண்ணீர் தீர்ந்தபோது, நிலவொளியில், படிப்படியாகப் பாறைத் திட்டுகளில் ஆட்கள் சங்கிலியாக நின்று, யக்கா நாரில் திரித்த கயிற்றில் சுரைக்குடுவைகளைக் கட்டி ஓடைக்குள் இறக்கினார்களாம். அடியில் காவலிருந்த சிப்பாய்கள் தூங்கிக்கொண்டிருந்தார்களாம். சொல்பவருடைய கொள்ளுப்பாட்டியின் பாட்டி அந்தச் சங்கிலியில் இருந்திருக்கலாம். வழிகாட்டியின் குரல் அங்கே மட்டும் கொஞ்சம் மாறும்.

கோடையில் படை திரும்ப வந்தது பீச் மரங்களுக்காக. ஸ்பானியர் கொண்டுவந்த பீச், ஹோப்பிகள் வழியாக இங்கே வந்து சேர்ந்து, பள்ளத்தாக்கு முழுக்கத் தோப்பாகி இருந்தது. பழம் சிறியது. பிளந்து பாறையில் காயவைத்தால் குளிர்காலம் முழுக்க வரும். ஆயிரக்கணக்கான மரங்களைக் கோடாரியால் வெட்டிச் சாய்த்தார்கள். ஒரு மக்கள் கூட்டம் திரும்பி வரவே கூடாது என்று நினைப்பவர்கள்தான் பழமரத்தை வெட்டுவார்கள். எட்டாயிரத்துக்கும் அதிகமான நவஹோக்கள் 300 மைலுக்கு மேல் நடத்தப்பட்டு, நியூ மெக்சிகோவின் கிழக்கில் பாஸ்கி ரெடோண்டோ என்ற முகாமில் அடைக்கப்பட்டார்கள். உப்புக் கரித்த தண்ணீர், புழு அரித்த பயிர், நோய். நான்கு ஆண்டுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே இறந்ததாகச் சொல்வார்கள்.

1868-இல் ஜெனரல் ஷெர்மன் ஒப்பந்தம் பேச வந்தபோது, ஓக்லஹோமாப் பக்கம் நல்ல நிலம் தருகிறோம், போகிறீர்களா என்று கேட்டார். நவஹோக்கள் சார்பில் பேசிய பார்போன்சித்தோ இந்த டி ஷே பள்ளத்தாக்கில் பிறந்தவர். எங்கள் ஊரைத் தவிர வேறெங்கும் அனுப்பாதீர்கள் என்பதுதான் அவர் கேட்டது. ஜூன் 1-இல் கையெழுத்தானது. சொந்த நிலத்துக்கே திரும்பிப் போக அனுமதி பெற்ற பழங்குடிகள் அமெரிக்க வரலாற்றில் அபூர்வம். திரும்பி வந்தவர்கள் மறுபடி பீச் கொட்டையை ஊன்றினார்கள். நீங்கள் மேலேயிருந்து பார்க்கும் வேலியும் கொல்லையும் அந்தத் திரும்புதலின் தொடர்ச்சி. அந்தப் பழைய வகைப் பீச்சை மீட்கும் வேலையில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கத் துறையினர் இப்போது ஈடுபட்டிருக்கிறார்கள்.

பாதுகாக்கப்பட்ட பிறகு எல்லாம் சுபம் என்று நினைக்க வேண்டாம். 1930-களில் கரை அரிப்பைத் தடுக்க என்று அரசே டாமரிஸ்க், ரஷ்ய ஆலிவ் என்ற வெளிநாட்டு மரங்களைக் கொண்டுவந்து நட்டது. அவை புதராகிப் படர்ந்தன. அகலமாக, ஆழமில்லாமல் பரந்து ஓடிய ஆறு குறுகி, தன்னைத் தானே தோண்டிக்கொண்டு கீழே இறங்கியது. நிலத்தடி நீரும் கூடவே இறங்கியது. கரையோரக் கொல்லைகளுக்குத் தானாக வந்த ஈரம் வராமல் போயிற்று. இந்த நூற்றாண்டில்தான் அந்தப் புதர்களைப் பிடுங்கத் தொடங்கினார்கள். நம் ஊர்ச் சீமைக்கருவேலத்தை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

இன்னொன்று இன்னும் கசப்பு. 1931-க்கும் 1990-க்கும் இடையில் இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து 303 பேரின் எலும்புகளைப் பூங்காத் துறை தோண்டி எடுத்துப் போய் டூசானில் ஒரு கிடங்கில் வைத்தது. எங்கள் நிலத்தில் எங்களைக் கேட்காமல் எடுத்தவற்றைத் திருப்பிக் கொடுங்கள் என்று நவஹோ மக்களின் அரசான நவஹோ நேஷன் நீதிமன்றத்துக்குப் போனது. அந்த எலும்புகள் எந்த இனத்துக்கு உரியவை என்று நாங்கள் முதலில் கணக்கெடுக்கிறோம் என்றது துறை. வழக்கே தொடர முடியாது என்று கீழ் நீதிமன்றம் தள்ள, தொடரலாம் என்று 2016-இல் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டி முன் நின்று பிள்ளைகளுக்கு விளக்கும்போது நமக்கு இதெல்லாம் தோன்றுவதே இல்லை. மம்மி கேவ் அருகில் நின்று எலும்புக்கூடு ஜோக் அடிக்கும் அன்பர்கள் நம் குழுவிலும் உண்டு. அவர்களுக்காகவே இதைச் சொன்னேன். நவஹோ மரபில் இறந்தவர்களைப் பற்றிச் சும்மா பேசுவதில்லை, பழைய வீடுகளுக்குள் கால் வைப்பதும் இல்லை. வழிகாட்டி சற்றுத் தள்ளியே நின்றால், அவருக்கு ஆர்வமில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அவர் சில கேள்விகளுக்குப் பதில் சொல்ல மாட்டார். ஸ்பைடர் ராக்கின் உச்சியில் சிலந்திப் பெண் இருக்கிறாள், நவஹோப் பெண்களுக்கு நெசவு சொல்லிக்கொடுத்தவள் அவள்தான் என்பதைச் சொல்வார். சேட்டை செய்யும் பிள்ளைகளை மேலே தூக்கிப் போய்விடுவாள், உச்சி வெளுத்துக் கிடப்பது அந்த எலும்புகளால்தான் என்பதையும் நம் பிள்ளைகளைப் பார்த்துக் கண்ணடித்துச் சொல்வார். ஆனால் ஓநாய்க்குட்டி போல இருக்கும் கோயோட்டி நரியின் கதைகளைக் கேட்டால் சிரித்து மழுப்புவார். அவை உறைபனி விழுந்த பிறகு, குளிர்கால இரவுகளில் மட்டும் சொல்ல வேண்டியவை. அக்டோபரில் கேட்டால் கிடைக்காது. காசு கொடுத்திருக்கிறோமே என்று வற்புறுத்தாதீர்கள். கூகுளில் தேடி அவருக்கே படித்துக் காட்டுவது அதைவிட மோசம்.

படம் எடுக்கும் விஷயம். பாறை, மரம், பழைய வீடு எல்லாம் தாராளமாக எடுக்கலாம். ஹோகனையோ வயலில் வேலை செய்கிறவரையோ கேட்காமல் எடுக்காதீர்கள். ட்ரோன் அறவே கூடாது, புதிதாக வாங்கியவர் வீட்டிலேயே வைத்துவிட்டு வரவும். தரையில் வரி போட்ட பானை ஓடு கிடக்கும். ‘ஒரே ஒரு துண்டு, பொண்ணோட ஸ்கூல் ப்ராஜெக்டுக்கு’ என்று பையில் போட்டால் கூட்டரசுச் சட்டப்படி குற்றம். குனிந்து பாருங்கள், கிடக்கிற இடத்திலேயே கிடக்கட்டும். நவஹோ நேஷனில் மது தடை. விடுதி அறையில்கூடக் கிடையாது. ஐஸ்பெட்டியில் பியர் வைப்பவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும், பெயர் எழுதவில்லை.

விளிம்பு முனைகளில் உள்ளூர்க் குடும்பத்தினர் வெள்ளி நகையும், மணிமாலையும், தட்டைக் கல்லில் தீட்டிய பாறைச் சித்திரங்களும் விற்பார்கள். பெரும்பாலும் செய்தவரே விற்பார். வேண்டுமென்றால் வாங்குங்கள், வேண்டாமென்றால் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நகருங்கள். ரங்கநாதன் தெருப் பேரத்தை அங்கே அவிழ்க்க வேண்டாம். ஃபீனிக்ஸ் மாலில் அதே வகை மாலைக்கு விலைச்சீட்டைப் பார்த்து மறுபேச்சில்லாமல் அட்டையை நீட்டுகிறவர்கள்தானே நாம்.

சரி, திட்டத்துக்கு வருகிறேன். என் யோசனை: பேஜ் ஊரை இந்த முறை விட்டுவிடுங்கள். ஹார்ஸ்ஷூ பெண்டும் ஆன்டலோப்பும் எங்கும் போய்விடாது. ஒரு சாதாரண வார இறுதியில் தனியாகவே போய்வரலாம். முதல் நாள் நேராக மானுமென்ட் வேலி. இரண்டாம் நாள் மாலைக்குள் சின்லி வந்து, வெளிச்சம் இருக்கும்போதே வட விளிம்பின் முனைகளைப் பார்த்துவிட்டு அங்கேயே இரவு தங்கல். 5,500 அடி உயரம், அக்டோபர் இரவில் குளிர் உறைநிலையைத் தொடும். பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் போதாது, கோட் வேண்டும். மூன்றாம் நாள் காலை பள்ளத்தாக்குக்குள் இறங்கல். அரை நாள் சவாரி என்றால் ஒயிட் ஹவுஸ்வரை போய்த் திரும்பலாம், முழு நாள் என்றால் மம்மி கேவ்வரை போகலாம். என்னைக் கேட்டால் முழு நாள். வண்டி குலுங்கும், திறந்த வண்டியில் மணல் பறக்கும். முதுகுவலி உள்ள பெரியவர்கள் அன்று தென் விளிம்பில் நிதானமாகச் சுற்றலாம். அவர்களோடு ஒரு குடும்பம் இருக்கட்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாக்களில் நிலம் வைத்துப் பயிர் செய்தவர்கள் யாராவது இருந்தால் மட்டும், முதுகுவலி இருந்தாலும் கீழே அழைத்துப் போங்கள். அந்தச் சோளக்கொல்லையைப் பார்த்து அவர்கள் வழிகாட்டியிடம் கேட்கும் கேள்விகளை நம்மால் கேட்க முடியாது. நாம் மொழிபெயர்த்தால் போதும்.

வழிகாட்டிகளில் பலர் சின்னக் குடும்பத் தொழிலாக நடத்துபவர்கள். முன்னதாகச் சொல்லி வைத்தால்தான் நம் கூட்டத்துக்கு வண்டி கிடைக்கும். ஆற்றில் வெள்ளம் வந்தால் அவர்கள் சவாரியை ரத்து செய்வார்கள். அதைப் பற்றிச் சண்டை வேண்டாம். கட்டுச்சோறு கொண்டுபோகலாம், வாழை இலை உட்பட எல்லாவற்றையும் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள். இறங்குகிறவர்கள், விளிம்பில் இருப்பவர்கள் என்று இரண்டு பட்டியலாகப் பெயர்களை இந்த வாரத்துக்குள் குழுவில் போட்டால் நான் பதிவு செய்துவிடுகிறேன்.

கடைசியாக, கடிகாரம். அரிசோனாவில் நாம் கோடை நேரத்துக்கு மாறுவதில்லை, நவஹோ நேஷன் மாறும். அக்டோபரில் சின்லி நம்மைவிட ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும். அங்கே காலை 9 மணிக்கு வண்டி என்றால் ஃபீனிக்ஸ் கணக்கில் 8. போகும் வழியில் ஹோப்பி நிலத்துக்குள் நுழைந்தால் மறுபடி ஃபீனிக்ஸ் நேரம். கைபேசி எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டிக் குழப்பும். முதல் நாள் இரவே விடுதியில் நேரத்தைக் கேட்டு, ஒரு சாதாரணக் கைக்கடிகாரத்தில் திருத்தி வைத்துக்கொள்ளுங்கள். 9 மணி என்றால் 8.45-க்கு வண்டி அருகில் இருக்க வேண்டும், நம்மவர்களின் 9 மணி வேண்டாம்.

அன்புடன்,
அடுத்த தெருவில் இருக்கும் உங்கள் நண்பன்